முனியாண்டியின் கெடாவை நான் ஏலம் விட்டது

மைக் பிடித்திருப்பவனுக்கு யாரும் எதையும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவன் வாயை மூட வேண்டும்; அவன் மூட மாட்டான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அக்கரப்பத்தனையிலிருந்து டயகம போகிற வழியில் இருக்கிற எங்கள் தோட்டத்தில், தகரக் கூரை போட்ட எங்கள் சின்னச் சபையின் முற்றத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் பார்க்க நானே செய்து காட்டினேன்.

அப்போது நான் வாலிபர் ஐக்கியத்தின் தலைவன். தலைவன் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துவிடாதீர்கள். நாற்காலி தூக்குவது, கண் தெரியாத பெரியவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, அடைமழையில் மண்சரிவு என்றால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற ஆட்களுக்குச் சபை மண்டபத்தைத் திறந்துவிட்டுச் சோறு ஆக்கிப் போடுவது, இவ்வளவுதான் எங்கள் ஊழியம். கூடவே மாலை வகுப்பு. அதில் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். (நான் கணக்கில் கெட்டிக்காரன் இல்லை. மற்றவர்கள் என்னைவிட மோசம்.)

வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இந்துப் பிள்ளைகள். தொடங்கிய காலத்தில் லயத்தில் பயந்தார்கள். "படிக்கப் போற புள்ளைங்கள அப்புடியே வேதத்துக்கு மாத்திப்புடுவாங்க" என்று ஒரு பேச்சு ஓடியது. எங்கள் போதகர் ஐயா நேரே முனியாண்டி கோயில் பூசாரியிடம் போய் நின்று, "நாங்க கணக்கு மட்டுந்தாங்க சொல்லிக் குடுப்போம். உங்க சாமி காரியத்துல கை வைக்க மாட்டோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த ஒரு வாக்கில்தான் வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது.

வகுப்பில் கவிதா என்றொரு பிள்ளை. மற்றப் பாடமெல்லாம் நன்றாக வரும். கணக்கு மட்டும் அவளைக் கண்டாலே ஓடிவிடும். ஏற்கனவே ஒருமுறை கோட்டை விட்டிருந்தாள். அவளுடைய அம்மா மாரியாயி அக்கா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். மகள் இந்த முறை கணக்கில் பாஸ் ஆனால் முனியாண்டிக்குக் கெடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டு, அதற்காகவே ஒரு குட்டியை வாங்கி வளர்த்தார். கவிதா பாஸ் ஆனாள். தோட்டமே சந்தோஷப்பட்டது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உள்ளுக்குள் ஒரு சின்ன வயிற்றெரிச்சல். சாயந்தரம் சாயந்தரம் தொண்டை கிழிய சமன்பாடு சொல்லிக் கொடுத்தது நான், கெடா முனியாண்டிக்கா? இந்த வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுவந்து ஆண்டவருக்குப் படைத்துவிட்டு, ஆராதனை முடிந்ததும் அதை முற்றத்தில் ஏலம் விடுவது வழக்கம். தேயிலைத் தோட்டத்தில் என்ன அறுப்பு என்று கேட்பீர்கள். தேயிலையை அறுத்துக் கொண்டுவந்தால் தோட்டத்துத் தொரை எங்களை உள்ளே தள்ளிவிடுவார். அதனால் வீட்டுத் தோட்டத்து லீக்ஸ், கரட், கோவா, முட்டை, கேக், பின்னல் தொப்பி என்று வரும். ஏலத்தில் வருவதெல்லாம் மாலை வகுப்புக்கு. எங்கள் சபையில் ஒரு நல்ல பழக்கம்: யார் என்ன கொண்டுவந்தாலும் வாலிபப் பெண்கள் அதற்கு ஒரு ரிப்பன் கட்டிவிடுவார்கள். ரிப்பன் பொறுப்பு ரெபேக்காவுடையது. அவள் கையில் ரிப்பன் சுருளைக் கொடுத்தால் சும்மா இருக்க மாட்டாள். பூசணிக்காய்க்கே கொண்டை போட்டு விட்டிருந்தாள்.

அதே ஞாயிறு மத்தியானம்தான் மாரியாயி அக்காவின் நேர்த்திக்கடன். கெடாவைக் குளிப்பாட்டி, கழுத்தில் மஞ்சள் துணி கட்டி, செவ்வந்தி மாலை போட்டுக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு வந்தவர், வழியில் எங்கள் கேட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மகள் படித்த இடமாயிற்றே, வெறுங்கையோடு தாண்டிப் போக மனசு வருமா? மடியில் கட்டி வந்திருந்த அவரைக்காயைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று கெடாவை எங்கள் கேட்டின் கம்பத்தில் கட்டிவிட்டு உள்ளே வந்தார். எங்கள் சபையில் உள்ளே வந்தவர்கள் தேத்தண்ணி குடிக்காமல் வெளியே போக முடியாது. பின்பக்கத்து அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவர் சும்மா இருக்காமல் பகல் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிட்டார்.

கேட்டில் நின்ற கெடா, கழுத்திலிருந்த செவ்வந்தி மாலையை ஆற அமரத் தின்று முடித்தது. அந்த வழியாக வந்த ரெபேக்கா, "அட, இதுக்கு யாரும் ரிப்பன் கட்டலியா?" என்று மஞ்சள் துணி மறைகிற மாதிரி பெரிய சிவப்பு ரிப்பனைச் சுற்றி, முன்னால் ஒரு பூவும் கட்டினாள். பிறகு கயிற்றை அவிழ்த்து, கோவாவுக்கும் கேக்குக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

நான் மைக்கில் இருந்தேன். கெடாவைப் பார்த்ததும் எனக்கே மூச்சு நின்றுவிட்டது. எங்கள் சபைச் சரித்திரத்தில் கோழிக்கு மேல் எதுவும் ஏலத்துக்கு வந்ததில்லை.

"யாரு கொண்டாந்தது?" என்று கேட்டேன்.

"மாரியாயி அக்காதான் கூட்டியாந்தாங்க" என்றாள் ரெபேக்கா. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

அந்த இடத்தில் புத்தியுள்ள மனிதன் என்ன செய்திருப்பான்? 'இது நேர்ந்து விட்ட கெடாவாச்சே' என்று ஒரு நொடி யோசித்திருப்பான். லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எனக்குத் தெரியாத நேர்த்தியா? ஆனால் என் மண்டைக்குள் ஓடியது வேறு. மாரியாயி அக்காவுக்குக் கடைசியில் உண்மை விளங்கிவிட்டது! கணக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று யோசித்துப் பார்த்து, மனசு மாறி, கெடாவைச் சேர வேண்டிய இடத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அதே கலக்கத்தோடு மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டேன்.

"அன்பானவர்களே! நம்ம மாரியாயி அக்கா, முனியாண்டிக்கு நேந்திருந்த கெடாவ இன்னைக்கி நம்ம சபைக்கே குடுத்துட்டாங்க!"

ஜனங்கள் கை தட்டினார்கள். சிலர் அல்லேலூயா போட்டார்கள். போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கெடாவின் தலையில் கை வைத்து ஒரு நீண்ட ஜெபம் செய்தார். கெடாவும் அசையாமல் நின்றது. (மாலை தின்ற மயக்கம்.) "பாருங்க, எவ்வளவு பக்தியான ஆடு!" என்று அதையும் மைக்கில் சொன்னேன்.

ஒலிபெருக்கிக் குழாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை நாங்கள் கீழே இருக்கிற லயங்களைப் பார்த்துக் கட்டியிருந்தோம். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் லயத்துக்குக் கேட்டது, கோயிலுக்குக் கேட்டது, தோட்டத்தின் அடுத்த டிவிஷனுக்கும் கேட்டது. குழாய்க்குப் பின்பக்கம் இருந்த அடுப்படிக்கு மட்டும் கேட்கவில்லை. அங்கே மாரியாயி அக்கா நிம்மதியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

ஏலம் சூடு பிடித்தது. கடைசிவரை விடாமல் கேட்டவர் ஆல்பர்ட் ஐயா. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயாவாக இருந்து ஓய்வு பெற்று, அக்கரப்பத்தனை டவுனில் வீடு கட்டிக்கொண்டவர். இன்றைக்கும் யாரைப் பார்த்தாலும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் பிந்தி வந்தவனைப் பார்க்கிற மாதிரித்தான் பார்ப்பார். அன்று அவர் பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள். சாயந்தரம் வீட்டில் விருந்து. "ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!" என்று நான் மேசையில் அடித்ததும், கெடா அவருடைய வேனில் ஏறி, ரிப்பனோடு ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டே போய்விட்டது.

வேன் வளைவைத் தாண்டி மறைந்த அதே நேரம், கீழிருந்து கவிதா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"சார், எங்க கெடா எங்க சார்? அம்மா எங்க? கோயில்ல எல்லாரும் சத்தம் போடுறாங்க!"

சத்தம் கேட்டு மாரியாயி அக்கா கையில் வெங்காயத்தோடு வெளியே வந்தார். கேட்டைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அப்போதும் மைக்கைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

"தம்பி, கெடா?"

"வித்துட்டோங்க்கா" என்றேன். மைக்கில். அதுவும் தோட்டம் முழுக்கக் கேட்டது.

"அடியாத்தி!" என்று அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "நேந்து விட்ட கெடாவ வித்துப்புட்டீங்களா? என் புள்ளைக்கி ஏதும் ஆச்சுன்னா நான் என்னா பண்ணுவேன்?"

கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். வெங்காயமா நானா என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. கவிதா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "சார், பூசாரி ஐயா சொல்றாரு, கை வைக்க மாட்டோம்னு சொன்னவுங்க கெடாவயே தூக்கிட்டாங்க, இனிமே நம்ம புள்ளைங்க அங்க போகவேணாம்னு. கெடா பூசைக்கு வரலைன்னா நாளையிலேருந்து யாரையும் அனுப்ப மாட்டாங்க சார்." பரீட்சைக்குக் காத்திருக்கிற அத்தனை பிள்ளைகளின் முகமும் வரிசையாக என் கண் முன்னால் வந்தது. என் ஒரு வாயால் போதகர் ஐயாவின் வாக்கும் போய், வகுப்பும் போகப் போகிறது.

போதகர் ஐயா என்னைத் திட்டவில்லை. அங்கியைக் கூடக் கழற்றாமல் ஓர் ஆட்டோவை மறித்து, "ஏறுங்க தம்பி" என்றார். முன்னால் அவர், பின்னால் மாரியாயி அக்காவும் நானும். வழி முழுக்க அக்கா, "முனி ஐயா, இந்தப் புள்ளைக்கி புத்தி கம்மி, மன்னிச்சிருய்யா" என்று எனக்காக வேண்டிக்கொண்டே வந்தார். அந்த வேண்டுதலில் எனக்கும் ஆட்சேபணை இல்லை.

ஆல்பர்ட் ஐயா வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. மூலையில் பெரிய அண்டா. கெடா கறிவேப்பிலைச் செடியை மேய்ந்துகொண்டிருந்தது. அதை உயிரோடு பார்த்ததும் நான் ஓடிப்போய்க் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"என்னா இது? ஆட்ட விடு!" என்று ஆல்பர்ட் ஐயா அதட்டினார். விஷயத்தைச் சொன்னோம். அவர் மீசையைத் தடவினார்.

"அதெல்லாம் நடக்காது. கர்த்தருடைய சந்நிதியில வெச்சி ஜெபம் பண்ணி ஏலம் விட்டது. நான் நாலு பேருக்கு முன்னாடி எடுத்திருக்கேன். முனியாவது கினியாவது! நாங்க பாட்டன் காலத்திலேருந்து வேதக்காரங்க."

போதகர் ஐயா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் காலில் விழுகிற கட்டத்தில் இருந்தேன். அப்போது மாரியாயி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"சரிங்க ஐயா, வெட்டிக்கங்க. காசு குடுத்து எடுத்திருக்கீங்க, நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ஒன்னு. அது முனி பேரு சொல்லி வளத்த கெடா. அவரு தேடி வருவாருங்க. நீங்க சாயந்தரத்துல, அவரு உலாத்துற பழைய பங்களா ரோட்டுப் பக்கம் நடக்கப் போறவுங்க. வந்தார்னா, மாரியாயி குடுக்கல, நானாத்தான் எடுத்துக்கிட்டேன்னு சொல்லிருங்க."

ஆல்பர்ட் ஐயாவின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. பந்தலைப் பார்த்தார். கெடாவைப் பார்த்தார். கெடாவும் அவரை ஒரு பார்வை பார்த்தது.

"எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது" என்றார்.

"தெரியுங்க ஐயா" என்றார் அக்கா.

"இருந்தாலும் அடுத்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு வேதத்திலயே இருக்கு."

"ஆமாங்க" என்று போதகர் ஐயா அவசர அவசரமாகத் தலையாட்டினார்.

"டேய், வேன எடுங்கடா!" என்று ஆல்பர்ட் ஐயா கத்தினார். கொடுத்த காசைச் சபைக்கே காணிக்கையாக விட்டுவிட்டார். கெடாவைத் தன் கையாலேயே ஒப்படைக்க வேண்டும் என்று கூடவே கிளம்பியும் வந்தார். வழியில் என் காதோரம், "தேடி வருவாருன்னு முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்னா?" என்று பல்லைக் கடித்தார்.

தேயிலை மலை வளைவில், பெரிய மரத்தடியில் இருக்கிறது முனியாண்டி கோயில். நாங்கள் போய்ச் சேரும்போது பாதித் தோட்டம் அங்கே நின்றது. கெடாவைப் பார்த்ததும் கூட்டம் பெருமூச்சு விட்டது. எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கே முடிந்தது! கெடாவை வெட்டும் முன்னால் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அப்படித் துளுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். துளுக்காவிட்டால் ஏதோ குற்றம். எங்கள் குளிருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே எந்த ஆடும் ஆடித்தான் போகும். இந்தக் கெடாவோ, பூசாரி தெளித்ததும் கண்ணை மூடித் திறந்தது. அவ்வளவுதான். மறுபடி தெளித்தார். நின்றது. மலைத் தண்ணீர் விழுகிற பீலியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். நனைந்துகொண்டே அசைபோட்டது. மாலை, கறிவேப்பிலை, பயணம் எல்லாம் சேர்ந்து அது நிம்மதியான நிலைக்குப் போயிருந்தது.

மாரியாயி அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நடுங்கினார். கூட்டத்தில் யாரோ, "அங்க ஜெபம் பண்ணிட்டாங்கல்ல, அதான்" என்றார்கள். போதகர் ஐயா தலையைக் குனிந்துகொண்டார். பூசாரி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, முனிக்குன்னு இருந்தத நீங்க வேற ஆளுக்கு விட்டீங்க. விட்ட வாயாலதான் திருப்பிக் குடுக்கணும். அங்க ஊருக்கே கேக்குற மாதிரி மைக்ல சொன்னீங்கல்ல? இங்கயும் மைக்ல சொல்லுங்க."

கோயில் மைக்கை என் கையில் கொடுத்தார். இனி இந்த ஜென்மத்தில் மைக்கைத் தொடுவதில்லை என்று ஆட்டோவிலேயே சத்தியம் செய்திருந்தேன். போதகர் ஐயாவைப் பார்த்தேன்.

"உங்கள கும்பிடச் சொல்லலியே தம்பி. திருப்பிக் குடுக்கத்தானே சொல்றாங்க. குடுத்துருங்க" என்றார்.

வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக மைக்குக்கு முன்னால் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. கவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அதையே சொன்னேன்.

"காலையில நான் விட்ட ஏலம் செல்லாதுங்க. தப்பு என்னோடது. மாரியாயி அக்கா மேல எந்தக் குத்தமும் இல்ல. இந்தக் கெடா முனியாண்டிக்குங்க. வேற யாராச்சும் கேக்குறீங்களா?"

"நான் கேக்கல! நான் கேக்கவே இல்ல!" என்று பின்னாலிருந்து ஆல்பர்ட் ஐயா இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்.

"முனியாண்டிக்கு ஒரு தரம்... முனியாண்டிக்கு ரெண்டு தரம்..."

காற்று கூட அடிக்கவில்லை. மேசை இல்லாததால் என் தொடையிலேயே ஓங்கி அடித்தேன்.

"மூணு தரம்!"

கெடா தலையிலிருந்து வால் வரை ஓர் உதறு உதறியது பாருங்கள், போதகர் ஐயாவின் வெள்ளை அங்கி, ஆல்பர்ட் ஐயாவின் கோட்டு, என் முகம் எல்லாம் மஞ்சள் தண்ணீர். கூட்டம் கத்திய கத்தில் மலையே அதிர்ந்தது. பூசாரி குலவை போடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாரியாயி அக்கா ஓடிவந்து என் கன்னம் இரண்டையும் பிடித்துக்கொண்டு அழுதார். இந்த முறை வெங்காயம் இல்லை. நானும் அழுதேன், வெட்கமே இல்லாமல்.

(அது ஏன் சரியாக அந்த நேரம் உதறியது என்று பலர் பல விதமாகச் சொல்கிறார்கள். என் குரல் அப்படி என்கிறாள் ரெபேக்கா.)

வெட்டும்போது நான் முதுகைக் காட்டி நின்றேன். அரை நாள் கூடவே அலைந்திருக்கிறோம், பார்க்க மனசு வரவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தது. நாங்கள் சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடுவதில்லை. அதை எப்படிச் சொல்வது என்று போதகர் ஐயாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாரியாயி அக்கா மூடி போட்ட ஒரு சட்டியோடு வந்தார்.

"நீங்க படையல் சாப்புட மாட்டீங்கன்னு தெரியும். உங்களுக்குன்னு தனியா கோழி அடிச்சி, வீட்டுலயே ஆக்கி வெச்சிருந்தேன். இது சாமிக்கு வைக்காதது. பயமில்லாம சாப்புடுங்க."

அதாவது, காலையில் எங்கள் கேட்டைத் தாண்டும் முன்பே அந்தக் கோழி குழம்பாகி எனக்காகக் காத்திருந்தது. எனக்கு யாரும் நன்றி காட்டவில்லை என்று நான் வயிறெரிந்துகொண்டிருந்தபோது அது அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அந்தச் சட்டியைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை மறைக்கத்தான் ஒரு கேள்வி கேட்டேன்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. கவிதாவை பாஸ் பண்ண வெச்சது நானா, முனியாண்டியா?"

"அதிலென்னா சந்தேகம்? முனிதான்" என்று இன்னொரு துண்டை என் தட்டில் வைத்தார். "உங்கள அனுப்பி வெச்சதும் அவருதானே தம்பி."

போதகர் ஐயாவுக்குப் புரையேறிவிட்டது. அனுப்பியது யார் என்பதில் அவருக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது. ஆனால் வாக்கு வாக்குதான்; கோழியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

மறுநாள் மாலை வகுப்புக்கு ஒரு பிள்ளை குறையாமல் வந்தது. பூசாரி தன் பேரனையும் சேர்த்துவிட்டார். இப்போது முனியாண்டி கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழ ஏலம் விடுவதற்கு வருஷா வருஷம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எங்கள் அறுப்பின் பண்டிகையிலோ, ஏலம் தொடங்கும் முன் போதகர் ஐயா எழுந்து, "முனியாண்டி பொருள் ஏதும் கலந்திருந்தா இப்பவே எடுத்துக்கங்க" என்று அறிவிப்பது ஆராதனையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. கவிதா ஆசிரியையாகி அதே மண்டபத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். ரிப்பன் கட்டிய ரெபேக்காவை நான் கல்யாணம் செய்துகொண்டேன். (கல்யாண வேனுக்கு யார் ரிப்பன் கட்டியது என்று கேட்காதீர்கள்.)

எங்கள் மகளுக்கு இந்த வருஷம் சாதாரண தரம். கணக்கு வரவே மாட்டேன் என்கிறது. என் மகள் அல்லவா! போன வாரம் அவளுடைய வினாத்தாளை நான் தலையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ரெபேக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நீங்க சொல்லிக் குடுத்தது போதும். மாரியாயி அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டுமா?"

நான் சபையில் மூப்பன். கோபமாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் என் மகள் மேசையில் பென்சிலைத் தட்டி, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று ஆரம்பித்துவிட்டாள்.